இருபத்தொன்பது வார்த்தைகள்

— கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது.

— இரு… என்ன, இன்னைக்குப் பக்கம் வெறுமன கெடக்கு? மணி ரெண்டாச்சே கவிஞரம்மா!

— நோட்டை ஏன் எடுத்தீங்க? குடுங்க இங்க.

— கடையில முதலாளி கேக்காரு, ‘என்ன பொன்ராஜ், உம்ம வீட்டம்மா கவிதை எழுதுதாங்களாமே’ன்னு. நான் ஒரு வரி வாசிச்சதில்ல. நான் வாசிச்சா என்ன, தேஞ்சா போயிரும்?

— அவருக்கு யாரு சொன்னா?

— நாந்தான். தீபாவளி யாவாரம் முடிஞ்சு உஸ்மான் ரோட்டுல ஈ ஓட்டிட்டு இருக்கோம். வேற என்னத்தப் பேச… கீழ் வீட்டு ஜமீலுன்னிசா டீச்சர் தினம் ஒரு வார்த்தை குடுக்காங்க, இவ அத வச்சு ஒரு கவிதை எழுதுதா, நவம்பர் மாசம் பூராவும் எழுதணுமாம்னு சொன்னேன்.

— நோட்டைக் குடுங்க மொதல்ல.

— இன்னைக்கு முப்பது. கடைசி நாளு. டீச்சர் வார்த்தை தரலையா?

— தரல.

— அவங்களுக்கு மேலுக்கு முடியலையா, காய்ச்சலா? காலையில பள்ளிக்கூடம் போறதைப் பாத்தேனே…

— சாப்பிடுங்கன்னா…

— இரு, இரு. ‘மழை.’ ‘மழை சன்னல் வரை வந்தது; கை நீட்ட ஆளில்லாமல் திரும்பிப் போனது.’ ஏட்டி… நல்லாத்தான இருக்கு!

— போதும். மூடி வைங்க.

— ‘பூ.’ ‘காக்கா.’ ‘சட்டை.’ ‘போ.’ என்ன டீச்சர் இவங்க, ஒண்ணாங்கிளாஸ் பாடம்லா நடத்துதாங்க! தென்றல், நிலவுன்னு ஒண்ணும் கெடையாதா?

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. ‘பிக்கி’… பிக்கின்னா என்ன? தப்பா எழுதிட்டியா?

— இல்ல.

— ‘கூ.’ இதெல்லாம் ஒரு வார்த்தையா? கூன்னா… செண்பகம்.

— ம்.

— மாம்பலம் ஸ்டேஷன்ல… என் தோள்ல உக்காந்துகிட்டு… ரயிலப் பாத்தா இப்படித்தான கத்துவா?

— ஆமா.

— பிக்கி… பிஸ்கட்டு.

— ஆமாங்க.

— டீச்சர் குடுத்த வார்த்தைன்னு சொன்னியே!

— பொய் சொன்னேன். கோமு பேர எடுத்தாலே சட்டைய மாட்டிட்டு வெளிய கெளம்பிருதீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்ல? டீச்சர்தான், ‘பிள்ளையப் பறிகொடுத்துட்டு இப்படி வாயே தெறக்காம இருக்காதே, தினம் ஒரு வார்த்தைய எடுத்து நாலு வரி எழுது, ஒரு மாசத்துல கொஞ்சம் லேசாகும்’னாங்க. வார்த்தை அவங்க குடுக்கல. எல்லாம் கோமு பேசுனது.

— லேசாச்சா?

— எழுதுத நேரம் மடியில இருக்க மாதிரி இருக்கும். நோட்டை மூடுனா இல்ல. மொத நாளு ‘அப்பா’ எழுதுனேன். ‘அம்மா’ ரெண்டாவதுதான். அவ சொன்னதும் அப்படித்தான… ஒண்ணே முக்கா வயசுக்கு எத்தன வார்த்தை வரும்? இருபத்தொம்பது. காலையிலேருந்து யோசிக்கேன், அதுக்கு மேல ஒண்ணுகூட ஞாபகம் வரல. இனிமே அவகிட்டேருந்து ஒண்ணுமே வராதுல்லா…

— முப்பது.

— என்னது?

— ஒண்ணுமில்ல. தண்ணி குடு… கடைக்கு நேரமாச்சு.

— இப்பத்தான வந்தீங்க! எத விட்டேன் நான்? என்னையப் பாத்துச் சொல்லுங்க.

— அன்னைக்கு ஆஸ்பத்திரியில… நீ பால் வாங்க ப்ளாஸ்க்கத் தூக்கிட்டுப் போனேல்லா…

— நான் வாரதுக்குள்ள போயிட்டா. தூக்கத்துலயே போயிட்டா, அவளுக்கு ஒண்ணும் தெரியலன்னு நீங்கதான சொன்னீங்க?

— வேற எப்படிச் சொல்லுவேன் உங்கிட்ட? தூங்கல செண்பகம். கண்ண நல்லாத் தெறந்து கதவையே பாத்துகிட்டு இருந்தா. ‘அம்மா எங்க?’ன்னா… ரெண்டு வாட்டி கேட்டா. அந்த ‘எங்க’… அத அவ அன்னைக்குத்தான் புதுசாச் சொன்னா.