எரியாத லைட்டு

இருங்கண்ணே, இருங்க, கண்ணாடிய ஏத்தாதீக. ஒரு நிமிசம். கல்யாண வீட்டுக்குத்தானே போறீக, கண்டனூருக்கு? அதான் கேட்டேன். இல்ல, வழியெல்லாம் சரிதான். தண்டவாளத்தைத் தாண்டுனா அங்குட்டு நேரா பந்தலே தெரியும். அந்த ஏசிய மட்டும் கொஞ்சம் அமத்துங்களேன், நான் பேசுறது உங்களுக்குக் கேக்கலை.

என்ன அப்படிப் பாக்குறீக? நைட்டியோட நடுரோட்டுல நிக்கிறாளேன்னா? அவசரத்துல துண்டைப் போட்டுக்கிட்டு ஓடியாந்தேன். ஒரு செருப்பு வர்ற வழியில அந்துபோச்சு. வீடு பக்கத்துலதான், அந்தா முருங்கை மரம் தெரியுதுல்ல, அதான். பைத்தியமெல்லாம் இல்லண்ணே. காரைக்குடியில கான்வென்ட்ல பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவ. பேரு ஹேமாவதி. எங்க வீட்டுக்காரருக்கு மரவேலை. உங்க கல்யாண வீட்டு நிலைக்கதவு பளபளன்னு இருக்கும் பாருங்க, பாலிஷ் போட்டது அவருதான். இன்னைக்குன்னு பாத்து தேவகோட்டைக்கு வேலைக்குப் போயிட்டாக.

முன் டயர்ல காத்து இல்லாத மாதிரித் தெரியுதேண்ணே. எறங்கிப் பாருங்களேன். இருக்கா? நல்லா இருக்குங்கிறீக. சரி, இருந்தா நல்லதுதான்.

பின்னாடி உக்காந்திருக்கது ஆச்சியா? வணக்கம் ஆச்சி. மணிய மணியப் பாக்காதீக, முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. போர்டுல பாத்தேன். அந்தா, ரயில்வே கேட்டுக் கம்பத்துல கட்டியிருக்காகளே பெரிய ஃபிளெக்ஸ், எம்மாடி, எத்தனை மூஞ்சி! நடுவுல பொண்ணு மாப்பிள்ளை, சுத்தி வட்டம் வட்டமா சொந்தக்காரவுக. கீழ் வரிசையில கும்புட்டுக்கிட்டு இருக்கது நீங்கதானே? அதானே பாத்தேன். போர்டுல முடி கூட இருக்கு. கோவிச்சுக்காதீக. மாப்பிள்ளைக்கு என்ன வேணும் நீங்க? தாய்மாமனா! அப்ப நீங்க இல்லாம ஒண்ணும் நடக்காதே. நீங்க பத்திரமாப் போய்ச் சேரணும்ல.

அது ஸ்கூல் வேனுண்ணே, உங்களுக்குப் பின்னாடி. அருள்பாண்டின்னு ஒருத்தன் ஓட்டுறான். அப்படித்தான் ஹாரன் அடிப்பான், அடிச்சுட்டுப் போறான் விடுங்க. ரோடு ஒரு வண்டிதான் போற அகலம். நீங்க நின்னா அவனும் நின்னுதான் ஆகணும்.

ஏண்ணே கியரைப் போடுறீக? வேணாம்ணே. கையெடுத்துக் கும்புடுறேன். ரயிலு வருது.

ஆமா, லைட்டு எரியலை. நானும் அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். சங்கும் ஊதலை. கட்டையும் மேலேயேதான் நிக்கிது. அதான்ணே பயமே.

சொல்றேன், காலை பிரேக்குலேயே வச்சுக்கிட்டுக் கேளுங்க. முன்னாடியெல்லாம் இந்தத் தடத்துல ரயிலோடயே ஒரு ஆள் வருவாரு. கேட்டுக்கு முன்னால ரயிலு நிக்கும், அவரு எறங்கிக் கேட்டைச் சாத்துவாரு, ரயிலு தாண்டுனதும் தெறந்துவிட்டுட்டு ஓடிப்போய் ஏறிக்குவாரு. சிரிப்பா இருக்கும். ஆனா பயமில்லை. அப்புறம் இந்த மெசினை வச்சுப் பாக்குறோம்னு ஒரு கம்பெனிக்காரவுக வந்தாக. செலவு கம்மி, கரண்டு வேணாம், சூரிய வெளிச்சத்துலேயே ஓடும்னாக. தூரத்துல தண்டவாளத்துல என்னமோ மாட்டியிருக்காக, ரயிலு வந்தா அது கண்டுபிடிச்சுச் சொல்லும், இங்க செவப்பு லைட்டு எரியும், சங்கு ஊதும், கட்டை எறங்கும். எரிஞ்சா நில்லுங்க, எரியலைன்னா போங்க, அவ்வளவுதான்னு சொல்லிக் குடுத்தாக. நான் கேட்டேன், மெசினே செத்துப்போனா லைட்டு எரியாதே, அப்ப நாங்க போறதா நிக்கிறதான்னு. அந்தப் பையன் சிரிச்சான். மேடம் நீங்க ரொம்ப யோசிக்கிறீங்கன்னான். சுத்தி நின்னவுகளும் சிரிச்சாக. இந்த அருள்பாண்டி அன்னையிலேருந்து என்னைய எங்க பாத்தாலும் என்னக்கா, மெசினு சாகலையான்னுதான் கேப்பான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் ஓடுச்சு. நானும் நம்பிட்டேன். காலையில சங்கு ஊதுனா, சரி, வேனு கேட்டுல நிக்கிதுன்னு அர்த்தம். அப்பத்தான் நான் ஒரு வாய் காப்பியே குடிப்பேன்.

இன்னைக்கு மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருக்கேன். ஒத்தை எஞ்சின் ஒண்ணு போச்சுண்ணே. பெட்டி கிட்டி ஒண்ணுமில்லை, வெறும் எஞ்சின். சங்கு ஊதலை. இந்த இடத்துல ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரரு புல்லுக்கட்டோட தாண்டி முடிக்கிறாரு, அவரு முதுகுக்குப் பின்னாடி அது போகுது. எனக்குக் கையில இருந்த கிளிப்பெல்லாம் கீழ விழுந்துருச்சு. என்னடான்னு கம்பத்தைப் பாக்குறேன், பலகையே தெரியலை. சூரிய வெளிச்சம் வாங்குற பலகைண்ணே. அது மேலதான் உங்க போர்டைக் கட்டியிருக்காக. முந்தாநாளே கட்டியாச்சு, வானமும் ரெண்டு நாளா மூடிக்கிட்டே கெடக்கு. பேட்டரி அம்புட்டையும் குடிச்சு முடிச்சுருச்சு.

ஹாரன் கேக்குமேங்கிறீக. எஞ்சின் டிரைவரு அடிக்கத்தான் செய்வாரு, பாவம். உங்க கல்யாண வீட்டு ரேடியோ செட்டுப் பாட்டு கேக்க விட்டாத்தானே? கொழாய் ஸ்பீக்கரு ரெண்டையும் இங்குட்டுல்ல திருப்பி வச்சிருக்காக. காது ஓட்டையாகுது. அதுக்குத்தான் ஏசிய அமத்தச் சொன்னேன், நீங்களாச்சும் கேப்பீகன்னு. அந்தப் பக்கம் வளைவு, கருவேலங்காடு. இந்தப் பக்கம் உங்க போர்டு. எதைப் பாத்துத் தெரிஞ்சுக்குவீக?

இதை மொதல்லயே சொல்லலாம்லங்கிறீக. சொன்னேனே. உங்களுக்கு முன்னால வந்த பைக்குக்காரருகிட்ட நிறுத்திச் சொன்னேன். லைட்டைப் பாத்தாரு, என் நைட்டியப் பாத்தாரு, சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு. ஒண்ணும் ஆகாம அந்தப் பக்கம் தாண்டியும் போயிட்டாரு. அதுக்கப்புறம் நான் சொன்னா யாரு நம்புவா? அதான் டயரு, போர்டுன்னு என்னென்னமோ பேசிக்கிட்டு நிக்கிறேன்.

ரயிலு லேட்டா இருக்கும், அதுக்குள்ள போயிரலாங்கிறீகளா? எம்புட்டு லேட்டுன்னு யாருக்குத் தெரியும்? வீட்டுல போனை விட்டுட்டு வந்துட்டேன். தினமும் இந்த வேன் இங்க நின்னு, ரயில விட்டுட்டுத்தான் தாண்டும். இன்னைக்கு ரயிலு இன்னும் போகலை. அப்ப வந்துக்கிட்டு இருக்குதுன்னுதானே அர்த்தம்? வேனைப் போய் மறிச்சுக்க, என்னைய விடுங்கிறீகளா? நான் அங்குட்டு ஓடுனா நீங்க கெளம்பிருவீக. உங்க வாலைப் பிடிச்சுக்கிட்டே அவனும் வந்துருவான். முன்னாடி ஒரு வண்டி போச்சுன்னா அவன் லைட்டைக்கூடப் பாக்க மாட்டாண்ணே.

ஆச்சி, நீங்க சொல்லுங்க ஆச்சி. நீங்க சொன்னாக் கேப்பாக.

வண்டிய உருட்டாதீக! நான் நகர மாட்டேன். இந்தா, பானட்டு மேலேயே கைய வச்சுட்டேன், இடிச்சுட்டுப் போறதுன்னாப் போங்க. திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. பத்திரிகை வைக்கலைன்னு எவளோ வந்து மறிச்சு நின்னு சண்டை போடுறான்னு நெனச்சுக்கங்க. அருள்பாண்டி, ஹாரனை அமத்துடா! அமத்துடாங்கிறேன்!

இருங்க.

செருப்பில்லாத காலுக்குத் தெரியுது. அதிருதுண்ணே. உங்களுக்குத் தெரியாது, நீங்க வண்டிக்குள்ள இருக்கீக. எனக்குத் தெரியுது. ஆச்சி, காதைப் பொத்திக்கங்க, ஆச்சி

.

.

.

போயிருச்சு.

எறங்காதீக, அப்படியே உக்காந்திருங்க. ஸ்டியரிங்கை விட்டுட்டு மொதல்ல தண்ணியக் குடிங்க. ஆச்சிக்கும் குடுங்க. அழாதீக ஆச்சி, ஒண்ணும் ஆகலை, நல்ல காரியத்துக்குப் போறீக.

அந்தா பாருங்க. ரயிலே போயிருச்சு. இன்னும் லைட்டு எரியலை.

எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்? பர்சை உள்ள வைங்க. ஒரு போன் மட்டும் போடுங்க. கல்யாண வீட்டுல சொல்லி ரெண்டு ஆளை அனுப்பச் சொல்லுங்க. மேல ஏறி அந்தப் போர்டை அவுக்கணும், கொழாயத் திருப்பணும், பேட்டரி ஏறுற வரைக்கும் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தரு, இந்தப் பக்கம் ஒருத்தரு செவப்புத் துணியோட நிக்கணும். மத்தியானமும் ஒரு ரயிலு இருக்கு. நான் சொன்னாக் கேக்க மாட்டாக. தாய்மாமன் சொன்னாக் கேப்பாகள்ல. ஆளு வர்ற வரைக்கும் நான் இங்கேயே நிக்கிறேன்.

ஏன் அந்த வேனையே பாக்குறேன்னா? நான் அங்க பாக்கலையே. பாத்தேனா?

ஒண்ணுமில்லண்ணே. சன்னல்ல ஒண்ணு ரெட்டைச் சடையோட கையாட்டிக்கிட்டு இருக்குல்ல, அது எம்மக. தீபலட்சுமி. யூகேஜி.

சொல்லியிருந்தா அப்பவே நின்னிருப்பேன்னு சொல்றீக. சொல்ல வாய் வரலைண்ணே. எம்புள்ள அந்த வேன்ல இருக்குன்னு வாயால சொன்னா, அப்படியே நடந்துருமோன்னு பயம்.

ரயிலுக்குத்தான் டாட்டா காட்டுறா, தினமும் காட்டுவா. அது போயி இம்புட்டு நேரமாச்சு, இன்னும் ஆட்டிக்கிட்டு இருக்கா பாருங்க. என்னைய இன்னும் பாக்கலை. பாக்கவும் வேணாம், நைட்டியோட வந்து ஸ்கூல் வேன் முன்னாடி நின்னு மானத்தை வாங்கிட்டம்மான்னு சாயங்காலம் வந்து ஒரு பாட்டம் அழுவா. நீங்க வண்டிய மெதுவா எடுங்கண்ணே. நான் இப்படி உங்க காருக்கு இந்தப் பக்கமா மறைஞ்சுக்கிறேன்.