போர்டுல ஏறுன பேரு

உன் மொதலாளி ராஜமாணிக்கம் இருக்கானே, அவன்தான் நைனா எனக்கு மொதல்ல துரோகம் பண்ணவன். பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகைய போன்ல அனுப்பிச்சான். ஊட்டுக்கு வந்து, தட்டுல வெத்தல பாக்கு வச்சி, அண்ணே வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல. எத்தினி வருசம் ஒரே வண்டில ஊட்டு புரோக்கர் வேல பாத்தோம்! நான் போவல. மொய் மட்டும் குடுத்தனுப்பிச்சேன். அதுவும் கோவத்துல ஜாஸ்தியா.

உக்காரு, நின்னுக்கினே ஊட்ட அளக்காத. பேரு இன்னா? தானியேலா? கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலைய உட்டுட்டா இதுக்கு வந்த? நல்லாப் போச்சி.

விக்கிற நெலமைல இருக்கறவன எப்பிடிப் புடிக்கறதுன்னு அவன் சொல்லிக் குடுத்தானா? அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். ஊராட்சி ஆபீஸ் போர்டப் பாருடான்னேன். ஊட்டு வரி பாக்கி வச்சவங்க பேரு ஒட்டுவாங்க இல்ல? பூட்டிக்கினு திருநின்றவூர் பக்கம் குடி போனவன், அண்ணன் தம்பி சண்டைல கட்டாம உட்டவன், எல்லாம் அதுல இருப்பான். அப்பறம் பத்திர ஆபீஸ்ல வில்லங்கம் போட்டுப் பாரு. அடமானம் கெடந்தா, அவனுக்கு ஊடே பேஜாரு. போய்க் கதவத் தட்டு. எடுத்தவொடனே வெல பேசாத, தண்ணி கேளு.

நீயும் வந்தவொடனே தண்ணிதான கேட்ட! இன்னா சிரிப்பு?

ஆனா பாக்கி வச்சவன் எல்லாம் விக்கிறவன் இல்ல. பச்சையப்பன்னு ஒருத்தரு, தெரு லைட் எரியலன்னு கோவத்துல வரி கட்டல. ஆபீஸ்லேந்து வந்துக்கீறோம்னு நெனச்சி ராஜமாணிக்கத்தக் கம்பத்துல ஏறச் சொல்லிட்டாரு. ஏறிட்டான்பா! கீழ நின்னு நான் வேட்டியப் புடிச்சிக்கினு சிரிக்கிறேன்.

இந்த ஊட்டுக்கு வில்லங்கம் பாத்தியா? ஒண்ணும் இல்லதான? எப்பிடி இருக்கும்? வரி கட்டத் துட்டு இல்லாம இல்ல, பையன் அனுப்பறான். நான்தான் கட்டல. திங்கக்கெழமையானா அந்தப் போர்ட ராஜமாணிக்கம் படிப்பான்னு தெரியும். என் பேரப் பாத்தா, ஐயோ முனுசாமி அண்ணனுக்கு இன்னா ஆச்சோன்னு ஓடியாருவான்னு பாத்தேன். உன்ன அனுப்பிக்கீறான்.

காப்பி ஆறுது, குடி. விக்கலன்னு போய்ச் சொல்லிடாத. யோசிக்கிறாரு, பெரியவங்க யாருனா நேர்ல வந்தாத்தான் பேசுவாராம்னு சொல்லு. வெறுங்கையோட வரக் கூடாதாம்னும் சொல்லு.

அதுவரைக்கும் என் பேரு போர்டுலயே கெடக்கட்டும்.