ஏறாமல் விட்ட பஸ்

— முதல்ல அந்தக் கையுறையை மாட்டு தாயி. மிளகா விழுது கண்ணுல பட்டுச்சுன்னா, நீ எதுக்கு அழுவுறேன்னு எனக்கே தெரியாமப் போயிரும்.

— நான் கிம்ச்சி போட வரலைங்க, சாமியம்மா. போன்லயே சொன்னேனே, சியோல்லேர்ந்து ஹேரான்னு. விடியக்காலையில கிளம்பி இந்தக் குன்சானுக்கு வந்தது வேற வேலையா.

— நீ சொன்னே. வராதேன்னு நானும் சொன்னேன். கேக்காம வந்துட்டே. வந்தவ கையைக் கட்டிக்கிட்டு நிக்காதே. வருசத்துக்கு வேண்டிய கோசு அம்புட்டும் உப்புல ஊறிக் கெடக்கு, நான் ஒத்தையாளு.

— வர்ற ஆளை வராதேன்னு சொல்ற சாமியாடியை இப்பத்தான் பாக்கறேன். உள்ளே வந்ததுலேர்ந்து நீங்க என் முகத்தை நிமிர்ந்தே பாக்கல. கோசையே பாத்துக்கிட்டிருக்கீங்க. அதுவே எனக்குச் சந்தேகமா இருக்கு.

— எனக்கும் உன் மேல சந்தேகந்தான். நீ கதை எழுதுறவ. செத்துப்போனவ சின்ன வயசுல திரும்பக் கண்ணு முழிச்சு, கைவிட்டுப்போன மாப்பிள்ளையை மறுபடி புடிக்கிற கதையா எழுதித் தள்ளுறே. இந்த ஊரு மீன் சந்தையில பாதிப் பொம்பளைக வெட்டுற கத்தியைக் கீழ வச்சுட்டு செல்போன்ல உன்னையத்தான் படிக்காளுக. அடுத்த கதைக்கு ஒரு சாமியாடி தேவைப்படுதாக்கும்.

— கதைக்குன்னா வீட்டுலயே உக்காந்து ஒருத்தியை உண்டாக்கியிருப்பேன். நிஜமானவங்களை வச்சுக் கதை எழுத முடியாது. ரொம்பப் பேசறாங்க.

— வாயி இருக்கு. சரி, இலை இலையா விரிச்சு அடியிலேருந்து தடவு. தண்டுல நல்லாப் படணும். அப்படித்தான். தெரிஞ்ச கைதான்.

— தெரிஞ்ச கையா? நான் கடையில வாங்கித் திங்கிறவ. இன்னொண்ணும் கேக்கணும். என்னைவிட நீங்க எவ்வளவோ சின்னவங்க. வா, போங்கறீங்க.

— பேசுறது நான் இல்ல, என் மேல எறங்கியிருக்கிற தாத்தா சாமி. அவருக்கு நீ நண்டுசிண்டு. எதுக்கு வந்தே, அதைச் சொல்லு.

— மீன் கடை போக்சுன் சொன்னாங்க. ஒரு சாவு வீட்டுல நீங்க அரிசிக்கள்ளைக் குடிச்சுட்டு அழுதீங்களாம். ஒரு பொம்பளையை அவ இளவயசுக்கே திருப்பி அனுப்பி வச்சேன்னு சொன்னீங்களாம். எனக்கும் அது வேணும்.

— போக்சுன் வாயில கருவாட்டைத்தான் திணிக்கணும். குடிச்சவ பேச்சு விடிஞ்சாப் போச்சு.

— அப்படின்னா பொய்யா?

— பொய்யின்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருவியா?

— மாட்டேன்.

— அப்ப எதுக்குக் கேக்கே? அந்தப் பூண்டுக் கிண்ணத்தை இப்படித் தள்ளு. யாருக்காகப் போகணும்?

— கிதேன்னு ஒருத்தர். இந்த ஊர்லதான் படகுப் பட்டறையில வேலை பாத்தார். எங்கம்மாவுக்குப் பிடிக்கல. கையில தாரு ஒட்டினவனுக்கா பொண்ணுன்னு கேட்டாங்க. ரெண்டு பேரும் பூசானுக்குப் போயிடறதுன்னு முடிவு பண்ணினோம். அவர் டிக்கெட் எடுத்துக்கிட்டு பஸ் நிலையத்துல நின்னார். நான் போகல. அம்மா என் செருப்பை எல்லாம் ஒளிச்சு வச்சுட்டு, ஜாடி வைக்கிற அறையில போட்டுப் பூட்டிட்டாங்க. அவர் கடைசி பஸ் வரைக்கும் நின்னாராம். அப்புறம் எனக்கு ஒரு பல் டாக்டரைக் கட்டி வச்சாங்க. சியோல்ல பெரிய வீடு, உள்ளே பேச்சே கிடையாது. குழந்தையும் இல்ல. அவரா ஒருநாள், போதுமேன்னார். நானும் போதும்னேன். அதுக்கப்புறந்தான் எழுத ஆரம்பிச்சேன்.

— எழுதுற கதையில எல்லாம் அவ பஸ் ஏறிடுறா.

— படிச்சிருக்கீங்களா?

— ... போக்சுன் படிச்சுக் காட்டுவா. அந்தக் கிதே செத்துட்டானா?

— இல்ல. உசுரோடதான் இருக்கார்.

— உசுரோட இருக்கிறவனைப் பாக்க எதுக்குத் தாயி அம்புட்டு வருசம் பின்னாடி போகணும்? பஸ் ஏறிப் போனாப் போதுமே.

— போனேன். இந்த இலையுதிர் காலத்துல. யோசு துறைமுகத்துல தூண்டிலும் வலையும் விக்கற கடை வச்சிருக்கார். ஏதோ தூண்டில் வாங்க வந்தவ மாதிரி உள்ளே போனேன். பாத்ததும் கண்டுபிடிச்சுட்டார். ஹேரான், நல்லாயிருக்கியான்னு கேட்டார். ஒரு குத்தல் கிடையாது, வருத்தம் கிடையாது. அவர் பொண்டாட்டி சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தட்டுல வச்சுக் கொடுத்தா. நல்ல பொம்பளை. பேரன் ஒருத்தன் அவர் தோள் மேல ஏறி முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்தான். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, அன்னைக்கு நீ வராததும் நல்லதுக்குத்தான் போலருக்குன்னு சொன்னார். ஆறுதலாத்தான் சொன்னார். எனக்கு மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு.

— நல்லாயிருக்கிறவன் வீட்டைப் பிரிச்சுப் போடணும்னு வந்திருக்கே. அந்தப் பேரன் இல்லாமப் போயிருவானே, யோசிச்சியா?

— யோசிக்காம இருப்பேனா? தூக்கமே போச்சு. என் கதையில எத்தனையோ பேருக்கு ரெண்டாந்தரம் வாழ்க்கை கொடுத்தாச்சு. எனக்கு மட்டும் கூடாதா? நான் அவரைக் கஷ்டப்படுத்தப் போறதில்ல. என்கூட இருந்தாலும் அவருக்கு ஒரு பேரன் பொறந்திருப்பான்.

— பொறந்திருப்பானா?

— ஏன் அப்படிக் கேக்கறீங்க?

— கோசைப் பாத்துத் தடவு. சாறு ஒழுகுது.

— ஏதோ மறைக்கறீங்க. யாராவது உங்ககிட்ட என்னைப் பத்திப் பேசினாங்களா? என் தம்பி வந்தானா? பைத்தியம் பிடிச்ச அக்கா வருவா, திருப்பி அனுப்பிடுங்கன்னு சொன்னானா?

— உன் தம்பி மூஞ்சியை நான் கண்டதே இல்ல.

— அப்ப அனுப்பி வைக்க முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க. பொய், பித்தலாட்டம், எனக்கு அந்த வித்தையே தெரியாதுன்னு சொல்லுங்க. நான் போயிடறேன்.

— தெரியும். அதான் சங்கடம். ஒரே ஒரு தடவை செஞ்சேன். இனிச் செய்யமாட்டேன்.

— அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு?

— கேக்காதே.

— கேக்கத்தான் வந்தேன்.

— சரி, கேளு. அப்ப என் மேல புதுசா சாமி எறங்கியிருந்துச்சு. பெத்தவக வீட்டைவிட்டு அனுப்பிட்டாக. இந்த மேட்டு வீட்டுல நாயைத் தவிர யாரும் எட்டிப் பாக்கல. அந்த நேரத்துல ஒருத்தி வந்தா. புருசனைக் கடல்ல கொடுத்தவ. நாள் பாத்துச் சொல்லுன்னு வந்தவ, என் கோலத்தைப் பாத்துட்டு அடுப்பை மூட்டிக் கஞ்சி வச்சா. தலையில தண்ணி ஊத்தி விட்டா. அப்படியே என்கூடத் தங்கிட்டா. எல்லாரும் என்னைச் சாமின்னாக, பேயின்னாக. ஓக்பின்னு பேரு சொல்லிக் கூப்புட்டவ அவ ஒருத்திதான். நான் அவளை அக்கான்னேன்.

— அவ புருஷன் எப்படிச் செத்தார்?

— வீட்டை எதுத்துக்கிட்டுக் கட்டினவுக. மலைச்சரிவுல ஒத்தை அறை. மழைக்குக் கூரை ஒழுகும். ஒழுகுற இடத்துல சட்டியை வச்சுட்டு ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடப்பாகளாம். சொந்தமா ஒரு வீடு வாங்கணும்னு அவன் வடக்குப் பனிக்கடலுக்குப் போற மீன் கப்பல்ல ஏறிட்டான். போகாதேன்னு அவ சொல்லலை. அவளுக்கும் வீட்டு மேல ஆசை. ரெண்டு தடவை போயிட்டு வந்தான். அதுக்கப்புறம் கப்பல் வரல. அவனை வலையோட சுத்தித்தான் கரைக்குக் கொண்டாந்தாக. இவதான் போய் அடையாளம் காட்டினா. காதுல இருந்த தழும்பை வச்சு.

— கிதேவுக்கும் காதுல தழும்பு இருக்கு.

— அவனும் படகுப் பட்டறையில வேலை பாத்தவன், தழும்புக்கா பஞ்சம்.

— அவ புருஷனும் பட்டறையில வேலை பாத்தவர்னு நீங்க இப்பத்தான் சொல்றீங்க.

— அந்த இஞ்சியை எடு.

— பேச்சை மாத்தாதீங்க. என் கதையை எனக்கே திருப்பிச் சொல்றீங்க. கொஞ்சம் தாரு, கொஞ்சம் தழும்பு, கொஞ்சம் கண்ணீர். நானும் இப்படித்தான் எழுதறேன், எனக்கு இந்த வித்தை தெரியும். கேக்கறவ எதுக்குப் பயப்படுவான்னு பாத்துப் பாத்துப் பின்னறது.

— அப்படியே வச்சுக்க. எந்திரிச்சுக் கையைக் கழுவு. உலையில பன்னிக்கறி வெந்துக்கிட்டிருக்கு. புதுக் கிம்ச்சியோட ரெண்டு வாய் சாப்புட்டுட்டு சாயங்கால பஸ்ஸைப் புடி, அக்கா.

— இப்ப என்ன சொன்னீங்க?

— சாயங்கால பஸ்ஸைப் புடின்னேன்.

— அதுக்கப்புறம். அக்கான்னீங்க. இத்தனை நேரம் தாயி, நீ, வா, போ. தாத்தா சாமிக்கு நான் எப்படி அக்கா ஆனேன்?

— நாக்கு பொரண்டுருச்சு.

— முழுசாச் சொல்லுங்க. அவளை எப்படி அனுப்பினீங்க?

— சாமியை எறக்கக் கூத்துக் கட்டி, கத்தி மேல ஏறி நின்னு அனுப்பினேன். போறவ எதையும் எடுத்துட்டுப் போக முடியாது. ஞாபகம் அம்புட்டும் இங்கேயே உதுந்துரும். அனுப்பினவளுக்கு மட்டும் எதுவும் மறக்காது, அதான் கூலி. போறவ ஒரே ஒரு சொல்லைக் கொண்டுபோகலாம். அந்தச் சொல்லு போன எடத்துல அவ காதுல அவ கொரல்லயே கேக்கும். யாரு சொன்னா, எதுக்குச் சொன்னான்னு தெரியாது. கேட்டா உண்டு, இல்லாட்டி இல்ல.

— என்ன சொல் கொண்டு போனா?

— அதை நீ சொல்லு.

— நான் எப்படிச் சொல்றது?

— உங்கம்மா உன்னைப் பூட்டி வைக்கல. செருப்பையும் ஒளிச்சு வைக்கல. நீ பஸ் நிலையம் வரைக்கும் போனே.

— யாரு சொன்னது?

— தடவுறதை ஏன் நிறுத்திட்டே?

— இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எந்தக் கதையிலயும் எழுதினதில்ல. அவர் பாத்துட்டாரா? அவர்தான் சொன்னாரா?

— பாத்திருந்தா ரோட்டைத் தாண்டி வந்து உன் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பான். உனக்கே தெரியும்.

— ஆமா. இழுத்துட்டுத்தான் போயிருப்பார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கடலை வறுக்கற வண்டிக்குப் பின்னாடி நின்னேன். பனி பெஞ்சுக்கிட்டிருந்துச்சு. ரெண்டு டிக்கெட்டையும் நனையாமச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டுக் கழுத்தை நீட்டி நீட்டிப் பாத்தார். ஓடிப் போகணும்னு உடம்பு முழுக்கத் துடிச்சுது. காலைத் தூக்கினேன், அப்ப ஒரு குரல். என் குரல்தான், ஆனா வயசான குரல். கெஞ்சற மாதிரி இருந்துச்சு. ஏறாதேன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். கால் மரத்துப்போச்சு. பஸ் போச்சு, அடுத்ததும் போச்சு. கோழைன்னு என்னையே திட்டிக்கிட்டு வாழ்ந்திருக்கேன். பாவம், பழியை அம்மா தலையில போட்டேன். அவங்களும் மறுக்காமலே செத்துப் போனாங்க.

— ஏறாதே. ஆமா. போகாதேன்னு கொண்டு போலாமா, கடலுக்கு விடாதேன்னு கொண்டு போலாமான்னு இதே முத்தத்துல உக்காந்து ராப்பகலா யோசிச்சோம். சொந்த வீடு மேல எனக்கும் ஆசை ஓக்பி, கப்பல் வர்ற அன்னைக்கு அந்தச் சொல்லை நானே கேக்கமாட்டேன்னு அவதான் சொன்னா. என்னைய அவன் கட்டவே வேணாம், எவளையாவது கட்டிக்கிட்டுக் கெழவனாகட்டும்னா.

— இல்ல. நீங்க சாமர்த்தியசாலி, பொறுக்கிச் சேத்துப் பேசறீங்க. நான் வாயைத் திறந்தப்புறம் ஏறாதேதான்னு சொல்றது எவ்வளவு சுலபம். என்னால நம்ப முடியாது. நம்பினா நான் எங்கே போவேன்? அவரைத் திரும்பக் கேக்கறதுக்குக்கூட வழியில்லாமப் போயிடுமே. இன்னைக்குக் கூத்துக் கட்டுங்க சாமியம்மா, காலுல விழறேன். கப்பலுக்கு அனுப்பமாட்டேன். ஒழுகுற அறையிலேயே இருந்துக்கறேன்.

— காலை விடு. எந்திரி. இப்பப் பேசுறது தாத்தா சாமி இல்ல, நான் ஓக்பி பேசுறேன். போறதுக்கு முந்தி நீ என் ரெண்டு கையையும் புடிச்சுச் சத்தியம் வாங்கிட்டுத்தான் போனே, அக்கா: என்னைக்காவது எல்லாத்தையும் மறந்துட்டு நானே உன் வாசல்ல வந்து நிப்பேன், காலைப் புடிப்பேன், அப்ப நான் என்ன அழுதாலும் என்னை இளவயசுக்குத் திருப்பி அனுப்பிராதே ஓக்பி, அவன் உசுரோட இருக்கட்டும்னு.