பழைய வாசகி

மர்மக் கதை படிக்கிறவர்களுக்குக் கையெழுத்து நன்றாக வராது. இது என் முப்பது வருட அனுபவம். குடும்பக் கதை படிக்கிறவர்கள் மணிமணியாக எழுதுவார்கள். கொலைக் கதை படிக்கிறவர்கள் கிறுக்குவார்கள். அடுத்த பக்கத்துக்கு ஓடும் அவசரம் விரலிலேயே தங்கிவிடுகிறதோ என்னவோ.

எங்கள் மாத இதழில் ஒரு முழு மர்ம நாவலும், கடைசி இரண்டு பக்கங்களில் வாசகர் கருத்தும் வரும். என் வேலை பிழை திருத்துவது. கடிதங்களைத் தேர்ந்தெடுத்துச் சுருக்குவதும் என் தலையில்தான் விழுந்தது. நீங்கள் அந்தப் பக்கங்களைப் படித்ததில்லை என்றீர்கள், ஐயா. நல்ல பொழுதுபோக்கை விட்டுவிட்டீர்கள். ஒருவர் திகில் படத்துக்குப் போய், இடைவேளையிலேயே கொலைகாரன் யாரென்று முன்வரிசைக்கு அறிவித்து, அடி வாங்கி, எங்களிடம் நியாயம் கேட்டு எழுதியிருந்தார். பத்தாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதாத வாசகரே கிடையாது.

சில மாதம் கடிதங்கள் குறையும். "ரெண்டு குறையுது, ஏதாவது போட்டு நிரப்பிடுங்க" என்பார் ஆசிரியர். நான் எழுதி நிரப்புவேன். இதை எல்லாப் பத்திரிகையிலும் செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாவல்களை இருபது வருடமாக ஒரே எழுத்தாளர்தான் எழுதினார். அச்சுக்குப் போகுமுன் அவற்றை முழுதாகப் படிக்கிறவன் நான். எனக்கும் கருத்து இருக்காதா? ஆரம்பத்தில் ஒருமுறை, வில்லனை இவ்வளவு சீக்கிரம் முறைக்க விடாதீர்கள் என்று பணிவாகச் சொன்னேன். "நீங்க காலையும் கொம்பையும் பாருங்க. கதைய நான் பாத்துக்கறேன்" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் அது இன்றுவரை செரிக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள். கையெழுத்துப் பிரதி என்னிடம் வருமுன் அவள் படிப்பாள். சுவாரசியம் தொய்கிற இடத்தில் ஓரத்தில் பென்சிலால் 'கொக்கி' என்று எழுதி, என்ன குறை என்று இரண்டு வரி சேர்த்து, சின்னதாக ஒரு கொக்கியும் வரைவாள். அந்த இடத்தை அவர் மறுபேச்சில்லாமல் திருத்திவிடுவார். பெரும்பாலும் அவை நானும் குறித்து வைத்திருந்த இடங்கள்தான். பிறகு அவள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லி அனுப்பியவர், ஆறே மாதத்தில் வீட்டையும் மாற்றிக்கொண்டார். அவள் இருந்த அறையைத் தாண்டிப் போக முடியவில்லையாம்.

நான்கு வருடம் கழித்து ஒரு மாதம் ஒரு கடிதம் குறைந்தது. நான் எழுதினேன்: 'ஏழாம் அத்தியாயத்தில் கொக்கி கழன்றுவிட்டது. பழைய வாசகி.' சத்தியமாக எந்தத் திட்டமும் இல்லை. அந்தச் சொல் தானாகப் பேனாவில் வந்தது.

இதழ் வெளியான மறுநாள், அந்தப் பக்கத்தை மடித்துப் பிடித்தபடி அவர் என் மேஜைக்கு வந்தார்.

"இத எழுதினது யாருன்னு தெரியுதா?"

"யாரு சார்?"

"என் பொண்ணு. கொக்கின்னு வேற யாரு சொல்லுவா? என்னைப் படிச்சிக்கிட்டுதான் இருக்கா, பாத்தீங்களா."

என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அசல் கடிதத்தைக் கேட்டார். கிழித்துவிட்டோம் என்றேன். "அடுத்த தடவ வந்தா கிழிச்சிடாதீங்க" என்றார். ஆகவே அடுத்த தடவை வந்தாக வேண்டியிருந்தது. பழைய பிரதிகள் என் அலமாரியில் இருந்தன. அவளுடைய ழகரத்தின் வால் இடப்பக்கம் ரொம்ப நீளும். பிடிபட இரண்டு வாரமாயிற்று.

அதன்பின் அவர் எழுதியவைதான் அவருடைய நல்ல நாவல்கள். கொலைகாரனை முதல் அத்தியாயத்திலேயே அன்பானவனாகக் காட்டுங்கள் என்று பழைய வாசகி எழுதினாள், காட்டினார். படிக்கட்டில் அலறலைக் குறையுங்கள் என்றாள், குறைத்தார். நிஜ வாசகர்கள் புகழ்ந்து எழுதினார்கள். நான் நிரப்ப வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. "முகவரி மட்டும் போட மாட்டேங்கறாளே" என்று ஏங்குவார். "போடுவாங்க சார், அவசரப்படுத்தாதீங்க" என்பேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த பதினான்கு மாதங்கள் அவை.

பிறகு மகளிடமிருந்து உண்மையாகவே கடிதம் வந்தது. புது வீட்டு முகவரி தெரியாததால் இதழுக்கு, அப்பா பெயரிட்டு அனுப்பியிருந்தாள். கடிதங்களைப் பிரிப்பது என் வேலை, பிரித்தேன். கணவர் வெளியே போகும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார், சாவி பூட்டில் இரண்டு சுற்று சுற்றும் சத்தம் தூக்கத்தில்கூடக் கேட்கிறது, ஜன்னல் வழியாக இதை வாங்கிப் போய் அஞ்சலில் சேர்ப்பவர் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, பதில் எழுதினால் அவர் முகவரிக்கு எழுதுங்கள், என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் அப்பா. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு வாசகனாக என் கருத்தைக் கேட்டால், ஆபத்தை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். போகப் போக என்ன இருக்கிறது? அப்பாவின் நாவல்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவற்றை அவள் படிப்பதையே விட்டிருந்தாள். பூட்டுகிறார் என்பதற்குச் சின்ன ரகரம் போட்டிருந்தாள், திருத்தினேன். என் இழுப்பறையில் நீங்கள் எடுத்த கடிதங்களில் இருக்கும் சிவப்பு மை என்னுடையதுதான்.

கொடுத்திருக்கலாமே என்றீர்கள். கொடுத்தால் அவர் அன்றே போய்க் கூட்டி வந்திருப்பார். அவளைப் பார்த்த அடுத்த நிமிஷம் கேட்கக்கூடிய முதல் கேள்வி என்னவென்று யோசித்துப் பாருங்கள். நான் மறுபடி காலுக்கும் கொம்புக்கும் திரும்பியிருப்பேன். இரண்டாவது கடிதமும் முதலாவது போலத்தான் இருந்தது, அடி வாங்கியதைத் தவிர.

மூன்றாவதில் ஒரு திருப்பம். 'வியாழக்கிழமை அவர் வெளியூர் போகிறார். பூட்டை உடைக்கத் தையல்காரம்மா ஆள் பார்த்துவிட்டார். நேராக இதழ் அலுவலகத்துக்கு வருகிறேன். நீங்கள் அங்கே இருங்கள், அப்பா.'

அந்தக் கடிதம் வந்த மதியம் எழுத்தாளர் என் எதிரில் உட்கார்ந்து வெற்றுத் தாளில் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு ஏதாவது வந்துதா?" என்றார். "இல்ல சார்" என்றேன். அவர் போனதும் அவள் அப்பாவின் கையெழுத்தில் பதில் எழுதினேன். அது எனக்குப் பழக வேண்டியிருக்கவில்லை. இருபது வருடமாகப் பார்க்கும் கையெழுத்து. 'கடிதங்கள் கிடைத்தன. நீயாகத் தேடிக்கொண்ட வாழ்க்கை. இங்கே வராதே. வந்தாலும் நான் பார்க்க மாட்டேன். அப்பா.' தையல்காரம்மா முகவரிக்கு அனுப்பினேன்.

அவள் வரவில்லை. ஆள் வந்து பூட்டில் கைவைத்தபோது, வேண்டாம், போகச் சொல்லுங்கள் என்று உள்ளிருந்து சொன்னாளாம். தையல்காரம்மா இதை உங்களிடம் சொன்னபோது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த வாரம் மாடிப்படியில் தவறி விழுந்து இறந்தாள் என்று கணவர் சொன்னார். மாதங்கள் கழித்தாவது அவரைப் பிடித்துவிட்டீர்கள், ரொம்பச் சரி. ஆனால் அந்தப் பூட்டு வியாழக்கிழமை உடைந்திருக்கும். உடையாமல் பார்த்துக்கொண்டவன் நான். அதை எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் போன பிறகும் மாதாமாதம் அவளாக உட்கார்ந்து எழுதினேன். எழுத ஆரம்பித்தால் என் அறை வாசலில் சாவி சுற்றும். ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. போய்ப் பார்த்தால் கதவு திறந்தேதான் கிடக்கும். ஆசிரியரிடம் சொன்னேன், கண்ட கதையையும் படித்தால் இப்படித்தான் என்றார். போன மாதம் அவள் பெயரில் எழுதிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. நான் வரைந்த ஞாபகம் இல்லை.

எழுத்தாளருக்கு நீங்கள் இன்னும் தகவல் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லத்தான் வேண்டுமா, ஐயா? அவருக்கு எழுபது வயது. நாவல் பாதியில் நிற்கிறது. அவள் கருத்துக்காகக் காத்திருக்கிறார். இந்த மாதத்துக் கடிதத்தை நேற்றே எழுதி என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள். அப்பாவை முழுக்க மன்னித்துவிட்டதாக இதில் எழுதியிருக்கிறாள். உயிரோடு இருந்திருந்தாலும் அவளால் இவ்வளவு நன்றாக எழுதியிருக்க முடியாது.