ஆறு பெட்டி போதும்

ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றைத் தூணில் மாட்ட நான்கு திருகு வேண்டும். அன்று சாயங்காலம் இரண்டாவதை முடுக்கிவிட்டு, மூன்றாவதை வாயிலிருந்து எடுத்தேன். கை வியர்த்து ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. கூரை வரை அடுக்கியிருந்த ஆட்டுத் தோல்களுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். என்ன கத்தினார்கள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், மேடம். முதலிலேயே சொன்னால் மீதியை நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். உங்கள் லாக்கப்பில் உட்கார்ந்திருக்கும் ஃபாரிஸ் தப்பு செய்யவில்லை. அவன் வாங்கிய விஷவாயு சென்சார் நல்ல சென்சார். அதை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட முடியாதா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். முடியாது போலிருக்கிறது.

என் தொழில் வைஃபை. வீட்டுக்கு மாட்டுகிற வைஃபை இல்லை. மில், கல்லூரி, ஆஸ்பத்திரி, கிடங்கு என்று பெரிய இடங்களுக்கு மாட்டுவது. சிக்னலைப் பரப்புகிற பெட்டிதான் ஆக்சஸ் பாயிண்ட். எத்தனை பெட்டி, எங்கே வைப்பது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. மற்றவர்கள் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். நான் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் நடப்பேன். சிக்னல் வலுவாக இருந்தால் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ‘குறைந்த பெட்டி, நிறைந்த சிக்னல்’ என்று விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கிறேன். இப்போது அந்தக் கார்டை யாரிடமும் நீட்டக் கூசுகிறது.

முகமது பாரூக் பாயின் தோல் ஷாப் உங்களுக்குத் தெரியும். பச்சைத் தோலை உப்புப் போட்டு அடுக்கி, ஊறவைத்துப் பதனிடுகிற இடம். கழிவுத் தண்ணீர் போய்ச் சேருகிற தொட்டி ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அதில் சில நேரம் விஷவாயு கிளம்பும். பாயின் மகன் ஃபாரிஸ் படித்த பையன். ஒவ்வொரு தோல் கட்டுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேன் செய்ய வேண்டும், தொட்டிக்குச் சென்சார் வேண்டும், வாயு வந்தால் சைரன் ஊத வேண்டும் என்று அவன்தான் அப்பாவை நச்சரித்தான்.

பாரூக் பாய் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“ஏலே நாசரு, மதுரக்காரன் ஒம்போது பொட்டிங்கறான். நீ ஆறுங்கற. ரெண்டு பேருல எவன்டா புளுகுறது?”

“அவன் வரைபடத்தப் பாத்துச் சொல்றான் பாய். நான் நடந்து பாத்துச் சொல்றேன். ஆறே போதும்.”

“மூணு பொட்டி மிச்சம்னா ஒனக்கு பிரியாணி. பத்தலன்னா ஒன் தோலையும் சேத்து உப்புல போட்டுருவேன், பாத்துக்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் நடந்து பார்த்தது பக்ரீத்துக்கு முந்தின வாரம். ஷெட் வெறிச்சென்று கிடந்தது. ஒரு முனையில் செருமினால் மறுமுனையில் கேட்டது. திரை முழுக்கப் பச்சை. ஆறு பெட்டி மாட்டினேன், பிரியாணியும் சாப்பிட்டேன்.

பக்ரீத் முடிந்தால் தோல் வந்து குவியும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் அத்தா தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்தச் சமயங்களில் வீட்டுக்கே வர மாட்டார். ஈரத் தோல் சிக்னலை உறிஞ்சிவிடும் என்பதும் என் தொழிலில் பாலபாடம். இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. மேடம், இதைச் சொல்லும்போதுதான் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தோல் கூரையைத் தொட்டது. ஸ்கேனர்கள் நின்றன. ஷெட்டில் வேலை பார்த்த கருப்புசாமி அண்ணன் ஸ்கேனரை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாசர் பாய், ஒங்க மிசினு நம்மூரு நாத்தத்துல மயங்கிருச்சுபோல. கொஞ்சம் மூஞ்சில தண்ணி தெளிங்க.”

அவருக்கு என் மேல் பிரியம். சைரன் மாட்டிய நாளில் என் தோளைத் தட்டினார். தொட்டியின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கையை விட்டு வடிகட்டியில் அடைத்திருப்பதை அள்ளுவது அவர் வேலை. தினமும் சாயங்காலம் செய்வார். “முன்னெல்லாம் பயந்துக்கிட்டே குனிவேன் பாய். இப்ப அது கத்தலேன்னா தைரியமாக் குனிவேன்” என்றார்.

சென்சாரிலிருந்து சைரனுக்குச் செய்தி போவது வைஃபை வழியாகத்தான். உப்பும் ஈரமும் வயரை அரித்துவிடும் என்று அந்த யோசனையைச் சொன்னவனும் நான்தான். தொட்டிப் பக்கத்துத் தூணில் இருந்த ஆறாவது பெட்டி இல்லாவிட்டால் சைரன் ஊமை.

வெளிநாட்டுக்குத் தோல் வாங்குகிறவர்கள் அந்த வியாழக்கிழமை ஸ்கேன் முறையைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலை ஃபாரிஸ் என்னைத் தனியே அழைத்தான்.

“அண்ணே, அத்தாகிட்ட நான் ஒங்களுக்காக அம்புட்டு வாதாடியிருக்கேன். இன்னிக்கி மட்டும் மானத்தக் காப்பாத்திருங்க. இன்னொரு பொட்டி வேணும்னா சொல்லுங்க, மதுரைக்கு ஆள் அனுப்புறேன்.”

சொல்லியிருக்கலாம். ஏழாவது பெட்டி வேண்டும் என்று சொல்ல ஒரே மூச்சுதான் ஆகும். பாய் சிரிப்பார். மதுரைக்காரன் காதுக்குப் போகும். “எல்லாம் சரியா வரும் தம்பி” என்றேன். ஆறாவது பெட்டியைத் தூணிலிருந்து கழற்றி, ஸ்கேன் செய்யும் மேசைக்கு மேலே மாட்டினேன். அங்கே அதற்கு ஓர் இணைப்பும் இருந்தது.

கழற்றும்போது கருப்புசாமி அண்ணன் பார்த்துவிட்டார்.

“என்ன பாய், அதக் கழட்டுறீக?”

“தொடச்சு மாட்டணும்ணே. செத்த நேரம்.”

“சைரனு?”

“அது பாட்டுக்கு இருக்கும்ணே.”

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். ஸ்கேனர்கள் ஒவ்வொரு கட்டுக்கும் குருவி மாதிரிக் கீச்சிட்டன. பாரூக் பாய் என் முதுகில் அறைந்தார். வாசலில் கார்கள் கிளம்பும்போதே நான் பெட்டியைக் கழற்றிக்கொண்டு தூணுக்கு வந்துவிட்டேன். மேலே போய் முதல் திருகை வைத்தேன். அப்போது சுவருக்கு வெளியே தண்ணீரில் கனமாக ஏதோ விழுந்தது.

என்ன விழுந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. தெரியவில்லை என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

பிறகு நடந்தது உங்களிடம் இருக்கிற சாட்சிகள் சொன்னதுதான். வாயு தாக்கித் தலை சுற்றி, கருப்புசாமி அண்ணன் தொட்டிக்குள் விழுந்தார். மார்பளவு கழிவுத் தண்ணீர். உள்ளே ஒரு குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கூப்பிட்டிருக்கிறார். அவரைத் தூக்கி வெளியே போட்டபோது மூச்சு இல்லை. அதற்கும் பிறகு சைரன் ஊதியது. சென்சார் தாமதமாக முழித்துக்கொண்டது, மட்டமான சரக்கு, வாங்கியவன் ஃபாரிஸ் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள். சென்சார் முதலிலிருந்தே கதறிக்கொண்டுதான் இருந்தது, மேடம். அந்தக் கதறலைக் கொண்டுபோகப் பெட்டி இல்லை. நான் மாட்டி முடித்து, சில நிமிடம் கழித்து அது உயிர்பெற்றதும்தான் சைரன் ஊதியது.

பாரூக் பாய் ஸ்டேஷன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “நாசரு, ஒனக்குத் தெரியும்ல? என் மவன் அப்புடி மட்டமானது வாங்குற பயலாடா?”

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். நேற்று கருப்புசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பேச்சாயி என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். “அம்புட்டுப் பேரும் கையப் பெசஞ்சுக்கிட்டு நிண்டாகளாம். நீங்கதேன் ஏணியத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தீகளாமே தம்பி” என்று சொல்லி என் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கைகளால் நேற்றிலிருந்து சோறு அள்ள முடியவில்லை.

நீங்கள் எழுதி வாங்கிய சாட்சி வாக்குமூலத்திலும் அது இருக்கிறது: நாசர் ஏணி கொண்டுவந்து உதவினார்.

அந்த ஏணியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அது தொட்டிச் சுவரில் எப்போதும் சாய்ந்திருக்கும். யாராவது தவறி விழுந்தால் இறக்குவதற்கென்றே பாரூக் பாய் வாங்கி வைத்தது. வேறு எதற்கும் தொடக் கூடாது என்பது ஷாப் வழக்கம். என் ஏணியை வத்தலக்குண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அதனால் அன்று காலையிலிருந்து அதைத்தான் எடுத்துப் புழங்கினேன்.

அவர்கள் கத்தியது “ஏணி எங்கடா, ஏணியக் காணோம்” என்றுதான். கருப்புசாமி அண்ணன் குரலும் கேட்டது. தெளிவாகத்தான் இருந்தது. என் பெயரையும் ஒரு முறை சொன்னார்.

நான் அந்த ஏணியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். தோல் அடுக்கு மறைத்திருந்ததால் யாருக்கும் நான் தெரியவில்லை. அப்படியே இறங்கியிருந்தால் தூணில் பெட்டி பாதியில் தொங்கும்; யார் பார்த்தாலும் புரிந்துவிடும். மூன்றாவது திருகை முடுக்கினேன். நான்காவதையும் முடுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். மூன்றோடு விட்டால் பெட்டி ஆடும், மேடம். என் வேலையில் அப்படி ஒரு குறை இதுவரை யாரும் சொன்னதில்லை.