ஒன்றரை நொடித் தாமதம்

எங்கள் தொழிலில் கண் சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம், காது நன்றாக இருக்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தெருவில் நடக்கவிட்டால் போதும், எந்த வீட்டில் என் லைன் ஓடுகிறது, எந்த வீட்டில் ஓடவில்லை என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். எப்படி என்று பிறகு சொல்கிறேன், சார். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பதினேழு வருடமாகக் கேபிள் டிவி நடத்துகிறேன். எட்டுத் தெரு, நானூற்றுப் பன்னிரண்டு வீடு. அப்பா லாரியில் மூட்டை இறக்கியவர். அவர் முதுகைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் முதுகை வளைக்காத வேலை வேண்டும் என்று இதில் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இதிலும் முதலில் போவது முதுகுதான். கம்பம் நடக் குழி நானே வெட்டினேன். கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டைமாடி மொட்டைமாடியாகத் தாவினேன். இரண்டு தடவை விழுந்ததில் இடது காலுக்குள் இன்னும் ஒரு கம்பி இருக்கிறது. இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. அந்த வீடுகளெல்லாம் என்னுடையவை என்று எனக்கு ஏன் தோன்றியது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போன வருடம் நீலத்தொப்பி வந்தான். ஒரு பெரிய கம்பெனியின் ஆள். கம்பெனி கொடுத்த தொப்பியைக் குளிக்கும்போதாவது கழற்றுவானா என்று தெருவில் கேலி பேசுவார்கள். பெட்டி இலவசம், முதல் மூன்று மாதம் இலவசம், அதற்கப்புறமும் என் கட்டணத்தில் பாதிதான். வேண்டிய சேனலை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். என் கம்பங்களை ஒட்டியே அவன் கம்பியும் ஓடியது.

முதலில் மாறியது தையல்கார அம்மா. விசாரிக்கப் போனபோது மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க குடுக்கறது நூறு சேனல், அதுல தொண்ணூறு எனக்குப் புரியாத பாஷை. வீட்டுக்காரருக்கு விளையாட்டு, எனக்கு சீரியல். மழை பேஞ்சா உங்க லைன்ல ரெண்டுமே பேய்ப் படமாயிடுது."

"பதினேழு வருஷமா பாத்தீங்களேம்மா."

"அப்ப வேற ஆள் யாரு இருந்தா?"

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். வாசல்வரை வந்து வழியனுப்பக்கூடச் செய்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, சார். பயம் வந்தது. கம்பத்தின் உச்சியில் நிற்கும்போது காலுக்குக் கீழே பிடிமானம் நழுவினால் வருமே, அது. அன்று தொடங்கி அது என்னைவிட்டுப் போகவே இல்லை. யாரும் பிடித்துப்போய் என்னை வைத்திருக்கவில்லை, வேறு வழி இல்லாமல் வைத்திருந்தார்கள் என்று ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால், மிச்சமிருக்கும் நானூற்றுச் சொச்சம் கதவுகளையும் அவன் எப்படித் தட்டுவான்?

காது விஷயத்துக்கு வருகிறேன். என் லைனில் படம் நேரே வந்துவிடும். நீலத்தொப்பியின் பெட்டி அதை உள்ளே வாங்கி, பிரித்து, பிறகு காட்டும். அதற்கு ஒன்றரை நொடி பிடிக்கும். ஏழு மணி சீரியலைத்தான் எல்லா வீட்டிலும் பார்க்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண் "என்னை விட்டுடுங்க" என்று அழுவாள். ஒன்றரை நொடி கழித்து அடுத்த வீட்டில் அதே பெண் அதே மாதிரி அழுவாள். பிந்தி அழுகிற வீடு எனக்குப் போன வீடு. தினமும் நடந்து எண்ணினேன். முதலில் தெருவுக்கு நாலைந்து. பிறகு பாதி. ஒருநாள் தெருமுனையில் நின்று கேட்கிறேன், எல்லாக் குரலும் ஒன்றாக வருகிறது. ஒரே ஒரு வீட்டில் மட்டும் முந்திக்கொண்டு வருகிறது. அந்த முந்திய வீடுதான் என்னுடையது. வியர்த்துப்போய் அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கு மறுநாள்தான் அதைச் செய்தேன். என் சிக்னல் அறையின் பின்சுவரை உரசிக்கொண்டு அவனுடைய மெயின் கம்பி போகிறது. அதில் கொஞ்சம் கரண்ட் கொடுத்தேன். கொஞ்சம்தான். நடுவில் ஒரு சின்ன பல்பைப் போட்டேன். ரிப்பேர் வேலை பார்க்கிற எல்லோரும் செய்வதுதான் அது. பல்பு இருந்தால் பாதிக் கரண்டை அது தின்றுவிடும், எந்தச் சாமானும் புகையாது. சாமான் புகையாது என்றால் ஆளுக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். யாருக்கும் அடிபடக் கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தவன், சார். பயந்தால் போதும் என்றுதான் இருந்தேன். நான் பயந்த அளவுக்கு அவர்களும் பயந்தால் கணக்கு நேராகிவிடும்.

அந்த பல்பு சாதாரணமாக எரியாது. யாராவது பெட்டியையோ கம்பியையோ தொட்டால் ஒரு மினுக்கு மினுக்கும். எங்கோ ஒருவர் கையை உதறுகிறார் என்று அர்த்தம். நாற்காலி போட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்தே நாளில் தெரு மாறிவிட்டது. செருப்புப் போட்டுக்கொண்டுதான் டிவி போட்டார்கள். துடைப்பக் கட்டையால் பெட்டியை அணைத்தார்கள். குழந்தைகளை டிவி இருக்கும் அறைக்குள் விடவில்லை. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த வீடுகளில் எல்லோரும் சுவரோரமாக நடந்தார்கள். நீலத்தொப்பி பெட்டி பெட்டியாக மாற்றிப் பார்த்தான். பகலில் அவன் சோதிக்கும் நேரத்தில் நான் நிறுத்திவிடுவேன், அதனால் அவன் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் என்னிடமே வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"அண்ணே, தொழில்ல நீங்க பெரியவங்க. எங்கேர்ந்து கரண்ட் வருதுன்னே புடிபடல. கம்பெனில சொன்னா என் வேலைக்கு உலை வெச்சுடுவாங்க. பயமா இருக்குண்ணே, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"எர்த் சரியில்லாம இருக்கும். வீட்டுக்கு வீடு பாரு" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

இப்போது என் தங்கச்சியைப் பற்றி.

நாலாவது தெருவில் இருக்கிறாள். இருந்தாள். அவள் கல்யாணமாகிக் குடிவந்த அன்றைக்கு நான்தான் லைன் இழுத்துக் கொடுத்தேன். ஒரு மாதம்கூட அவளிடம் பணம் வாங்கியதில்லை. ஒருநாள் ஏழு மணிக்கு அவள் வாசலைத் தாண்டும்போது அந்த அழுகை பிந்தி வந்தது. காது தவறிவிட்டது என்று நினைத்துத் திரும்பி வந்து நின்றேன். மறுபடியும் பிந்தித்தான் வந்தது. வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். முன்வாசலில் என் கம்பி அப்படியே தொங்குகிறது, நான் பார்த்துத் திருப்திப்படுவதற்காக. பின்னால் ஜன்னலின் இரும்புக் கம்பியில் துணிக் கிழிசலால் கட்டி, நீலத்தொப்பியின் கம்பியை உள்ளே இழுத்திருந்தாள். காசு வாங்காத என் லைனை விட்டுவிட்டு, காசு கொடுத்து அவன் லைனை வாங்கியிருந்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொல்லட்டும் என்று இருந்தேன். ஒருநாள் காலையில் போய்ச் சமையலறையில் உட்கார்ந்தேன். அவளே பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, தையல்காரக்கா நேத்து பெட்டியத் தொட்டதும் சுளீர்னு இழுத்துச்சாமே. கேக்கவே பயமா இருக்கு."

"அது அவன் லைன். நம்ம லைன்ல அதெல்லாம் வராது."

"வராதுல்ல?"

"நீ நம்ம லைன்லதானே இருக்கே. உனக்கென்ன பயம்?"

"அதானே, எனக்கென்ன பயம்" என்று சிரித்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை காய்ந்துதான் இருந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'மாத்திட்டேண்ணா' என்றால் முடிந்துபோயிருக்கும். அறைக்குப் போய்ப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. அந்தக் கம்பியைவிட என்னிடம் அவளுக்குப் பயம் அதிகம் என்று அப்போது புரிந்தது. சொல்லக் கூடாதுதான், சார், எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கு ஆறாம் நாள் மதியம் மழை. மழையில் நீலத்தொப்பி வேலைக்கு வரமாட்டான் என்பதால் சுவிட்சைப் போட்டே வைத்திருந்தேன். தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தேன். பல்பு மினுக்கியது. மினுக்கிவிட்டு அணையவில்லை. மங்கலாக, செம்பழுப்பாக, நின்று எரிந்தது. அப்படி அது ஒருநாளும் எரிந்ததில்லை.

மழையில் எங்கோ இரும்பில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். இல்லை, அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அப்படி நினைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். மழை பெய்தால் அவள் ஈரத் துணியை எந்த ஜன்னலில் காயப்போடுவாள் என்று எனக்குத் தெரியும். நீலத்தொப்பியின் கம்பி அந்த ஜன்னல் இரும்பில் உரசி உரசி மேல்தோல் உரிந்திருந்ததையும் பின்பக்கம் போன அன்றே பார்த்திருந்தேன். எங்கள் வேலையில் அது கண்ணில் படாமல் போகாது. சுவிட்ச் கைக்கு எட்டும் தூரம். எழுந்திருக்கக்கூட வேண்டாம். கொஞ்சம் இழுக்கட்டும், அப்போதுதான் வாயைத் திறந்து அண்ணனிடம் சொல்வாள் என்று இருந்தது. சாப்பிட்டு முடித்தேன். வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். திரும்பி வந்தபோதும் எரிந்துகொண்டிருந்தது. அதன் பிறகுதான் அணைத்தேன். ஒன்பது நிமிடம் இருக்கும்.

மச்சான் போனில் அழைத்தபோது நான்தான் முதலில் ஓடினேன். ஜன்னலுக்குக் கீழே கிடந்தாள், ஒரு கையில் துணியோடு. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. படம் துல்லியமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீங்கள் முதலில் நீலத்தொப்பியைப் பிடித்தீர்கள். உங்கள் போலீஸ்காரர்கள் எல்லோர் முன்னாலும் அடித்துத்தான் வண்டியில் ஏற்றினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களும் என்னைக் கேட்கவில்லை. நாலாம் நாள் மின்வாரிய ஆட்கள் கம்பியைத் தடவிக்கொண்டே என் பின்சுவருக்கு வந்தார்கள். பல்பு அப்படியேதான் இருந்தது. கழற்ற எனக்கு நேரம் கிடைக்கவில்லை, சார். இடையில் இருந்த மூன்று நாளும் வேலை அப்படி.

அவளை எடுத்துக்கொண்டுபோன மறுநாள் காலையிலேயே வாசலில் ஆள் நின்றது. தையல்கார அம்மாதான் முதலில். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"இந்த நேரத்துல கேக்கறது தப்புதாண்ணே. எங்களுக்கு சேனலெல்லாம் வேணாம், உசுரு போதும். பழையபடி உங்க லைனையே குடுத்துடுங்க."

மூன்று நாளில் நூற்று எழுபது வீடு. தனி ஆளாக ஏறி இறங்கினேன். காலில் இருக்கும் கம்பி குத்தியது, பொருட்படுத்தவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கம்பியை மாட்டுவதற்கு முன்னால், நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அதற்கு அந்த வீடுகளில் சாட்சி இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை, சார். இந்தத் தடவை அவர்களாகவே என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.