இந்த வண்டி கறுப்பு நிறம்

வெள்ளை வண்டியில் புழுதி சட்டென்று தெரியும், ஆனால் சின்னக் கீறல் தெரியாது. முதன்முதலாக வண்டி வாங்குகிறவர்கள் என்னிடம் நிறம் பற்றிக் கேட்டால் வெள்ளையே எடுங்கள் என்பேன். வாத்தியார் சங்வியனுக்கும் அதைத்தான் சொன்னேன், ஐயா. விற்பது என் வேலை அல்ல. நான் சர்வீஸ் மேஜையில் இருப்பவள். அவர் ஷோரூமுக்கு வந்த அன்று விற்பனைப் பெண்கள் யாரும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். நான்தான் எழுந்து போய் உள்ளே கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்தேன்.

காவ் கோ மலையில் முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மனைவி ஸ்ரீநுவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் மலையிலிருந்து எங்கள் லோம்சக் ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அதுவரை முட்டைக்கோஸ் லாரிகளில் டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற கையோடு அவர் வாங்கியது அந்த வெள்ளை வண்டி. பிக்கு ஒருவரை அழைத்துவந்து உள்கூரையில் சந்தனமும் மாவும் கலந்து மந்திரச் சின்னம் போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுத்துப் போனார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டாம் என்று அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார்.

எங்கள் சர்வீஸ் மேஜைக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'திரும்பி வராத நாட்கள்' என்று எழுதி, கீழே எண். ஒரு வண்டி ஒரு குறைக்காக வந்து போன பிறகு மூன்று மாதத்துக்குள் அதே குறைக்காக மறுபடி வந்தால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். தலைமை அலுவலகத்தின் ஏற்பாடு இது. வடக்கே வேறு எந்தக் கிளையும் இருநூறைத் தாண்டியதில்லை. நாங்கள் முந்நூறை நெருங்கிக்கொண்டிருந்தோம். தினமும் காலையில் எண்ணை மாற்றுவது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மேஜையைத் துடைத்துவிட்டு, கை கழுவிவிட்டு, அட்டையை மாற்றுவேன். முந்நூற்று அறுபத்தைந்து ஆனால் பாங்காக்கிலிருந்து ஆள் வந்து கேடயம் கொடுப்பார்கள், அதில் என் பெயர் இருக்கும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

எங்கள் மெக்கானிக் உத்தய் கேலி செய்வான். "லாமை அக்கா, அந்தப் பலகைக்கு ஒரு பூமாலை போட்டு ஊதுவத்தியும் ஏத்திடுங்க. நல்ல மாப்பிள்ளையா பார்த்துக் கொடுக்கும்."

"உனக்கு ஏன்டா எரியுது? நீ ஒழுங்கா வேலை பார்த்தா நான் ஏன் ஊதுவத்தி ஏத்தணும்?" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். நல்ல இடம் அது.

மார்ச் மாதம் வாத்தியார் முதல்முறை வந்தார். வந்ததும் மன்னிப்புக் கேட்டார். எங்கள் ஊரில் ஒரு குணம் உண்டு, ஐயா. சூப்பில் ஈ விழுந்திருந்தால் கடைக்காரியின் மனம் நோகுமே என்று அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் குடிப்போம். தாட்சண்யம். வாத்தியாருக்கு அது கொஞ்சம் அதிகம். ஒரு பை நிறைய தித்திப்புப் புளியம்பழம் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார்.

"தப்பா எடுத்துக்காதேம்மா. வண்டி தங்கமான வண்டி. எனக்குத்தான் ஓட்டத் தெரியலையோ என்னவோ. மலை இறங்குறப்போ கடைசி நாலஞ்சு வளைவுல பிரேக்கு கொஞ்சம் உள்ளே போற மாதிரி இருக்கு. ஊருக்குள்ள வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டு மறுபடி மிதிச்சா சரியா இருக்கு."

உத்தய் வண்டியை எடுத்துக்கொண்டு சந்தை வரை போய் வந்தான். சமதரையில் எதுவும் தெரியவில்லை. 'பிரேக் சோதிக்கப்பட்டது, குறையில்லை' என்று ஜாப் கார்டில் எழுதினேன். அது நேர்மையாக எழுதியது.

ஏப்ரலில், தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், இரண்டாம் முறை வந்தார். இந்த முறை உத்தய் நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தான். பின்பக்கம் இடது சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தது. என் மேஜைக்கு வந்து மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, அந்தச் சக்கரத்துல பிரேக்கு விடாம பிடிச்சுக்கிட்டே இருக்கு. மலை இறங்க இறங்கச் சூடேறி, பிரேக் எண்ணெய் கொதிச்சா, மிதிக்கறது காத்தை மிதிக்கற மாதிரிதான். ஆறினதும் நல்ல பிள்ளை மாதிரி ஆயிடும். பிரிச்சுப் பார்க்கணும். சாமான் பாங்காக்லருந்து வரணும், ஒரு வாரம் ஆகும்."

நான் யோசித்தேன். பிரேக் என்று எழுதினால் அது திரும்பி வந்த வண்டி. பலகையில் அன்று முந்நூற்று எட்டு. அதைவிட முக்கியமாக, வண்டியை ஒரு வாரம் நிறுத்திவைத்தால் அந்த அம்மாள் எப்படி ஆஸ்பத்திரிக்கு வருவார் என்று யோசித்தேன். நீங்கள் நம்பாவிட்டாலும் அதை யோசித்தது உண்மை. ஷோரூமில் மாற்று வண்டி ஒன்று இருந்தது. அதைக் கொடுப்பதானாலும் காரணம் எழுத வேண்டும்.

'சத்தம். தூசி துடைக்கப்பட்டது' என்று எழுதினேன். உத்தய் கார்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது சத்தமா அக்கா?"

"மலையில ஓட்டிப் பார்க்காம எதையும் பிரேக்குன்னு எழுத முடியாதுடா. அடுத்த தடவை வந்தா நானே ஓட்டிப் பார்க்கிறேன்."

அவன் சம்பளக்காரன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். அவன்மீது தவறு ஏதும் இல்லை என்று இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் முறை மே மாதம் பத்தொன்பதாம் தேதி. பலகையில் முந்நூற்று முப்பத்து நான்கு. உத்தய்யின் மாமா இறந்து, அவருக்குப் புண்ணியம் சேர அவன் பதினைந்து நாள் துறவியாகப் போயிருந்தான். மற்ற பையன்கள் எண்ணெய் மாற்ற மட்டும் தெரிந்தவர்கள். டயாலிசிஸ் முடிந்து இருவரும் சேர்ந்தே வந்திருந்தார்கள். அந்த அம்மாளின் முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. வாத்தியார் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"இவர் சொல்லமாட்டார். நான் சொல்றேன். இன்னிக்குக் காலையில வளைவுல நிக்கவே இல்ல தாயி. எதிர்ல லாரி வந்திருந்தா இப்ப உன் முன்னாடி உக்கார்ந்திருக்கமாட்டோம். ஊசி குத்திச் சாகாதவ வண்டியில சாகணுமா?"

"சும்மா இரு. அந்தப் பொண்ணு என்ன செய்யும்?" என்றார் வாத்தியார்.

"நீங்க சும்மா இருங்க. தப்புக் கணக்குப் போட்ட பையனைக் கூட அடிக்காத வாத்தியார் இவர். அதான் ஊரே தலையில மிளகாய் அரைக்குது."

நான் அவர்களைத் தெருமுனையில் சேமியாக் குழம்புக் கடையில் உட்காரச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர்கள் சாப்பிட்டு முடித்து எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கிவைத்திருந்தார்கள்.

அப்போதுதான் நான் கேட்டேன். "வாத்தியாரே, நீங்க பிறந்தது என்ன கிழமை?"

"செவ்வாய். ஏம்மா?"

"செவ்வாய்க்காரங்களுக்கு வெள்ளை ஆகவே ஆகாதே."

அந்த அம்மாள் மேஜையைத் தட்டினார். "நான் அன்னிக்கே கேட்டேன்! கிழமையாவது நிறமாவதுன்னு கணக்குப் பேசினார். இப்ப வாயைத் திறக்கச் சொல்லு."

எங்கள் ஊரில் இதற்கு வழி இருக்கிறது. வண்டியின் நிறம் பிறந்த கிழமைக்கு ஒத்துவராவிட்டால் வேறு நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிவிடுவோம். சாலையில் போகிற வண்டிகளில் பாருங்கள், நீல வண்டி தன்னை மஞ்சள் என்று சொல்லிக்கொண்டு போகும். விதி எழுத்தைப் படிக்கும், வண்டியைப் பார்க்காது என்று நம்பிக்கை. எழுதியது எதுவோ அதுதான் நடக்கும். பதினோரு வருடம் ஜாப் கார்டு எழுதியவளுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

என் இழுப்பறையில் எல்லா நிறமும் இருக்கும். 'இந்த வண்டி கறுப்பு நிறம்' என்ற ஸ்டிக்கரை எடுத்தேன். பின்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, அளவுகோல் வைத்து, ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லாமல் ஒட்டினேன். வாத்தியார் இரண்டடி பின்னால் நின்று வகுப்பில் படிப்பதுபோல உரக்கப் படித்தார்.

"வெள்ளை வண்டியில கறுப்புன்னு எழுதியிருக்கு. என் பசங்க எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பேன்" என்று சிரித்தார். அவர் அதை நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் மெனக்கெட்டு ஒட்டினேன் அல்லவா, அதன் பிறகு பிரேக் பேச்சை எடுத்தால் என்னை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவர் எடுக்கமாட்டார். அதுவும் எனக்குத் தெரியும். ஜாப் கார்டில் 'அலங்கார ஸ்டிக்கர், இலவசம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. டயாலிசிஸுக்கு இறங்கி வருகிற வழியில், கீழிருந்து மூன்றாவது வளைவில், வண்டி தடுப்பை உடைத்துக்கொண்டு புளியந்தோப்புக்குள் விழுந்தது. ஸ்ரீநுவன் அம்மாள் அங்கேயே போய்விட்டார். வாத்தியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னை யாரும் எதுவும் கேக்கலையேம்மா? சாலை வழுக்கிடுச்சுன்னு நான் போலீஸ்ல சொல்லிட்டேன்" என்றார். நல்ல மனிதர்.

நொறுங்கிய வண்டியை இன்ஷூரன்ஸ்காரர்கள் வேறு இடத்துக்கு இழுத்துப் போனார்கள். எங்கள் கடைக்கு அது திரும்பி வரவில்லை. ஆகவே பலகையைப் பூஜ்யமாக்க வேண்டியிருக்கவில்லை. விபத்துக்கு மறுநாள் காலையில் முந்நூற்று முப்பத்து ஏழு போட்டேன். காவி உடையைக் கழற்றிவிட்டு வேலைக்குத் திரும்பிய உத்தய், விஷயம் கேள்விப்பட்டு, அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டான்.

அந்த ஒன்றரை மணி நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஊருக்கு வெளியே குன்றின்மேல் ஒரு விகாரை இருக்கிறது. செங்குத்தான சாலை. நான்கு முறை ஏறி இறங்கினேன். மூன்று முறை ஒன்றுமில்லை. நான்காம் முறை பாதி இறக்கத்தில் மிதித்தேன், மிதி தரையைத் தொட்டது. கீழே எதுவுமே இல்லாததுபோல. நான் மலைக்காரி, எனக்கு வண்டி தெரியும். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மதில்சுவருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தினேன். அதே வண்டியில் அறுபது வயதுக்காரர் ஒருவர் அதைச் செய்ய முடியுமா என்று அங்கேயே யோசித்தேன். முடியாது என்றுதான் தோன்றியது. இறங்கி இடது பின்சக்கரத்தின் பக்கத்தில் கை வைத்தேன், சுட்டது. மர நிழலில் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஆறவிட்டேன். மறுபடி மிதித்தபோது கல்போல் நின்றது. அந்த நிலையில்தான் வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அதில் குறை இல்லை.

புறப்படும்போது அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி, "இனிமே பயமில்லையே தாயி?" என்று கேட்டார். "பயமில்லைம்மா, மெதுவா போங்க" என்றேன். மெதுவாகப் போகச் சொன்னேன், ஐயா. இவ்வளவு நேரம் நீங்கள் எழுதியதில் அது இல்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.